ஒன்பதாம் பக்கத்துப் பிணம்

பெர்கனில் மழை பெய்த நாட்களுக்குக் கணக்கில்லை.
சுன்னிவா ஹெல்லெ வந்த நாட்களுக்கு
என்னிடம் இருக்கிறது.

குடையை உதறாமல் உள்ளே வருவாள்.
இருமல் மருந்துக்கு வந்த கூட்டம் கரையும்வரை
பற்பசை டப்பாக்களைப் படித்துக்கொண்டு நிற்பாள்.
பிறகு கவுண்டரில் முழங்கையை ஊன்றி,
"காப்பியில் போட்டால் கசக்குமா?"

கசக்கும் என்பேன்.
"கப்பல் முதலாளி. சர்க்கரை அதிகம் போடுபவன்."
அப்படியானால் தெரியாது.
"எத்தனை மணி நேரம்?"
இரண்டாம் அத்தியாயம் முடிவதற்குள்.
சிரிக்கமாட்டாள். குறித்துக்கொள்வாள்.

இருபத்திரண்டு நாவல்கள்.
ஈஸ்டர் விடுமுறைக்கு ஒன்று வீதம்
பனிமலைக் குடில்களில் ஆரஞ்சு உரித்தபடி
அவள் கொன்றவர்களை ஊரே படித்தது.
மாமியார்கள், மீன் ஏலக்காரர்கள், ஒரு பிஷப்.
எல்லாருக்கும் அளவு சொன்னவன் நான்.
ஒரு மில்லிகிராம் பிசகினால்
திரும்ப வந்து சண்டை போடுவாள்.

எனக்கு ஒரு மனக்குறை.
விஷ அலமாரியின் சாவி, வெள்ளை அங்கி,
யாரும் சந்தேகிக்காத முகம்.
இத்தனை இருந்தும்
ஒரு புத்தகத்திலாவது என்னைக் கொலைகாரனாக்கவில்லை.
கேட்டேவிட்டேன்.
"மருந்துக்கடைக்காரனா?
முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்கள்" என்றாள்.

ஜனவரியில் போய்விட்டாள்.
நெஞ்சுவலி. மர்மம் ஏதுமில்லை.

ஈஸ்டருக்கு இருபத்துமூன்றாவது வந்தது.
ஒன்பதாம் பக்கத்தில்
கவுண்டருக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறேன்.
மூக்குக்கண்ணாடி, பித்தான் அறுந்த அங்கி,
ஆறிப்போன கோப்பை.
பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள்.

அவளுடைய இன்ஸ்பெக்டர் ஊட்னே
பிணத்தருகில் உட்காருகிறவன் அல்ல.
சாம்பல் கிண்ணம், ரயில் டிக்கெட், சேற்றுத் தடம்
என்று போய்க்கொண்டே இருப்பவன்.
இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு
ஒன்றரைப் பக்கம் சும்மா இருக்கிறான்.
மழை பெய்கிறது. யாரையும் விசாரிக்கவில்லை.

அறுபத்தோராம் பக்கத்தில் ஆய்வறிக்கை:
கோப்பையில் இருந்தது என்ன, எவ்வளவு.
படித்துவிட்டுத் திரும்பப் படித்தேன்.
கடைக்குப் போய்க் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
நான் சொன்ன அளவு அதுவல்ல.
அதில் பத்தில் ஒரு பங்கு.

அச்சுப்பிழை என்பார்கள்.
ஒரு காற்புள்ளிக்காக
அச்சகத்தின் கதவை இரவில் தட்டியவள் அவள்.

அந்த அளவுக்கு ஒருவன் நன்றாகத் தூங்குவான்.
எழும்போது வாய் சற்றுக் கசக்கும்.
ஊட்னேக்குத் தெரியாது, பதிப்பாளருக்குத் தெரியாது,
ஆரஞ்சு உரிப்பவர்களுக்கும் தெரியாது.

இன்னும் இருநூறு பக்கம் இருக்கிறது.
கொலைகாரனைப் பிடித்துக்கொள்ளட்டும்.
மணி ஒன்பதாகிறது,
நான் கடையைத் திறக்கவேண்டும்.