நாற்பத்தோராம் கிணறு

முல்லைத்தீவுச் சந்தையில்
"பழுதான கணவாய் இருக்குதோ" என்று கேட்ட
முதல் ஆள் நான்தானாம்.
சம்மாட்டி சிரித்தார். காசு வாங்கவில்லை.
மாதிரிப் பெட்டிக்கு ஐஸும் அள்ளிப் போட்டார்.

உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட இரண்டாம் இரவு
கிளிநொச்சி ஆய்வுகூடத்தில் விளக்கை அணைத்தேன்.
அதன் தோலில் நீலப் புள்ளிகள்.
ஒன்றைத் தொட்டெடுத்து வளர்த்தேன்.
பதினொரு வருடமாக
என் சம்பளத்தில் சாப்பிடுகிறது அந்தக் கிருமி.

அதன் வேலை சின்னது.
கிணற்றுத் தண்ணீரில் உப்புச் சேர்த்து விட்டால்
நஞ்சிருந்தால் மங்கும்.
இல்லையென்றால் ஒளிரும்.
இவ்வளவையும் சொல்ல எனக்கு
நானூறு பக்கமும்
வேறொரு நாட்டில் ஆறு பனிக்காலமும் பிடித்தன.

நெடுங்கேணியில் ஒரு முறை மங்கியது:
களைநாசினிக் கான் கழுவிய கிணறு.
தோட்டக்காரர் பரநிருபசிங்கம்
ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை.

மலக்கிருமிக்கு இந்த ஒளி போதாது.
அதற்குத் தட்டு வேண்டும், முப்பத்தேழு பாகை வேண்டும்,
விடியும்வரை மின்சாரம் வேண்டும்.
மாங்குளத்தில் கரண்ட் போன இரவு
பன்னிரண்டு தட்டுகளைத் துணியால் சுற்றி
வயிற்றோடு கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தேன்.
ஒருக்களித்துக்கூடப் படுக்கவில்லை.
காலையில் ஏழு தட்டில் மஞ்சள் முளைத்திருந்தது.
"என்ன பிள்ளை, டொக்டர்?" என்றான் சாரதி குலேந்திரன்.
"ஏழு கிணறு இறைக்கவேணும்" என்றேன்.

விசுவமடு, நாற்பத்தோராம் கிணறு.
மாரியில் எடுத்தேன்: பூச்சியம்.
கோடையில் எடுத்தேன்: பூச்சியம்.
நைத்திரேற்று இல்லை, உவர் இல்லை.
கணவாய்க் கிருமி அதற்குள்
கலியாண வீடுமாதிரி ஒளிர்ந்தது.

வீட்டுக்காரி அருந்தவம்
அந்தத் தண்ணியைக் குடிப்பதில்லை.
வெள்ளிக்கிழமை பவுசருக்கு
வெறுங்கானோடு றோட்டில் நிற்கிறாள்.

"திறமான தண்ணி, அக்கா."
"ஓம், தெரியும்."
அறிக்கையை நீட்டினேன்.
இரண்டாய் மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

பிறகு, மாணவர்களுக்குச் செய்யாதே என்று
நானே சொல்லிக்கொடுப்பதைச் செய்தேன்.
வாளியில் அள்ளி
அவளுக்கு முன்னால் குடித்தேன்.
இனித்தது.
இறங்கி முடியுமட்டும் அவள்
என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் அந்த நேரம் இங்க இல்லைத்தானே," என்றாள்.
கோபமில்லை. திகதியைச் சரிபார்க்கிறவள்மாதிரி.
"அதுதான் இறங்குது."

படிவத்தில் 'குறிப்பு' என்றொரு கட்டம் உண்டு.
அரை அங்குலம்.
பேனையைத் திறந்தேன், மூடினேன்.

கிளம்பும்போது ஒரு பை பச்சை மிளகாய் தந்தாள்.
கிணற்றடிப் பாத்தியில் காய்த்தது.
அந்தத் தண்ணிதான்.
நான் பார்த்த பார்வைக்குப் பதிலாய்ச் சொன்னாள்:

"மிளகாய்க்கு நான் ஒண்டும் சொல்லேல்லை."