தலைகீழ் ஒட்டு

நேற்றுப் பிரசங்கியார் சொன்னார்:
கடவுள் யூதரைத் தள்ளிவிட்டார்,
அந்த இடத்தில் நம்மை வைத்துவிட்டார்.
பின் வாங்குகளிலிருந்து ஆமென் வந்தது.
என் வாயும் பாதி திறந்து
அப்படியே நின்றுவிட்டது.

இன்று திங்கள்.
கரடியனாற்றுப் பண்ணையில்
எனக்கு நூற்றிருபது மாங்கன்று கணக்கு.
காட்டு மாவிதையில் முளைத்த கன்று,
பென்சில் தடிப்பு வந்ததும் தலையை வெட்டி,
தண்டைப் பிளந்து,
ஆப்புப்போல் சீவிய கறுத்தக்கொழும்பானைச் செருகி,
பச்சையோடு பச்சை தொட
பொலித்தீன் நாடாவால் இறுக்க வேண்டும்.
பதினெட்டு வருடமாய் இதே வேலை.
வேர் காடு, தலை நாடு.
மாற்றிச் செருகினால்
மேற்பார்வையாளர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அந்தக் கூடாரம் தைத்தவன் கடிதத்திலோ
எல்லாம் தலைகீழ்.
நல்ல மரத்தில் காட்டுக்கிளை.
இவனுக்குத் தோட்டம் தெரியாது என்று
முதல்முறை படித்தபோது சிரித்தேன்.
இரண்டாம்முறை சிரிக்கவில்லை.
மரம் இப்படிச் செய்யாதென்று
அவனுக்கும் தெரிந்தே இருந்தது.

ஒலிவ மரம் நான் கண்டதில்லை.
ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமான நாட்களில்
அது வெரளிக்காய் என்றே நினைத்தேன்,
செங்கலடிச் சந்தியில்
உப்பும் கொச்சிக்காய்த் தூளும் பிரட்டி விற்கிற
அதே வெரளி.

காட்டுக்கிளை எதுவென்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
அப்பா கண்ணகை அம்மன் சடங்கில் உருவேறி ஆடினவர்.
உடுக்குச் சத்தம் கேட்டால்
இன்றைக்கும் என் குதிகால் தானாக எழும்பும்.
ஆபிரகாம் எங்களுக்கு
ஒன்றுவிட்ட மாமன்கூட இல்லை.
அவர் வெள்ளி எண்ணிய இரவில்
எங்கள் பேரும் கணக்கில் விழுந்ததென்றால்
அது யாரோ நாடா சுற்றிய தயவு.

பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்த இரவில்
நான் முணுமுணுத்தது அவர்கள் அழுத பாட்டை.
எனக்கென்று ஒரு பாட்டு
அந்நேரம் வாயில் வரவில்லை.
மாட்டுத்தொட்டியில் கிடந்த பிள்ளைக்கும்
எட்டாம் நாள்
அவர்கள் வழக்கப்படிதான் பேர் வைத்தார்கள்.
பிறகு எந்த வாயால்
வேரைப் பார்த்து எழும்பிப் போ என்பது?

தண்ணீர்க் குழாயை இழுத்தபடி
உதுமாலெப்பை வந்தார்.
ஏறாவூர்க்காரர், கத்தி தீட்டித் தருவதும் அவர்தான்.
"நேத்துக் கோயில்ல என்ன சொன்னாங்க, தங்கநேசம்?"
ஒருவரைத் தள்ளி
இன்னொருவரை அந்த இடத்தில் வைப்பது பற்றி
ஏறாவூர் ஆளிடம் செங்கலடி ஆள்
என்னவென்று சொல்வது?
"மரத்தைப் பத்தி" என்றேன்.
"அப்ப நீங்கெல்லோ போய்ப் படிப்பிச்சிருக்கணும்"
என்று கத்தியை வாங்கிக்கொண்டு போனார்.

வெட்டிப் போட்ட தலைகள் காலடியில்.
மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும்.
ஒன்றை மட்டும் ஈரச்சாக்கில் சுற்றி
நிழலில் வைத்திருந்தேன்.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
நாலு மணிக்கு எடுத்து
நகத்தால் கீறினேன்.
பச்சை.

எந்தக் கன்றின் தலை என்று தெரியும்.
பையில் எழுதின எண் அறுபத்தேழு.
இங்கே காடுதான் சொந்தம்,
கொழும்பான் வந்து சேர்ந்தது.
வந்ததை நான் கழற்றவில்லை.
அதற்குக் கீழே, பக்கவாட்டில்,
சின்னதாய் ஒரு வெட்டுப் போட்டு
வெட்டுண்டதை அதன் தண்டிலேயே செருகினேன்.
சொந்தத் தண்டு, சொந்தப் பால்.
இது சுறுக்காய்ப் பிடிக்கும் என்றது கை.
கொழும்பானுக்கு இடம் குறையவில்லை.

கணக்குப் புத்தகத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
நூற்றிருபது என்றே எழுதிக்
கையெழுத்து வைத்தேன்.

துளிர் தெரிய மூன்று கிழமை செல்லும்.
அடுத்த ஞாயிறு அதற்கு முதல் வந்துவிடும்.
அதே பிரசங்கியார்தானாம்.
அதே வாங்கில்தான் இருப்பேன்,
சவர்க்காரத்துக்கும் போகாத மாம்பால்
நகத்தடியில் கறுத்திருக்க.