முந்நூறு கிராம்

டிக்கெட் எனக்காக எடுத்ததில்லை.
இரண்டு பெட்டி, பெட்டிக்கு முப்பது கிலோ,
அரசு முத்திரை குத்திய எடைக்கற்கள்.
தனிச் சரக்காக அனுப்பினால்
பிசினஸ் கிளாஸை விட நாலாயிரம் பிர் கூடுதல் என்று
கணக்குப் போட்டார் அத்தோ கெபெயெஹு.
"கற்கள் போகட்டும், யெஷிமெபெத்.
கூட நீயும் போ."
இப்படி இரும்புக்குத் துணையாகத்தான்
அடிஸ் அபாபாவிலிருந்து அக்ராவுக்கு,
கொக்கோ கிடங்கின் தராசுகளைச் சோதிக்க,
முதல் முறை முன்வரிசையில் நான்.

பழக்கதோஷம்.
நீள வரிசையில்தான் போய் நின்றேன்.
பதினேழாம் மேசை. பெட்டியைத் தூக்கி வைத்தேன்.
முப்பது புள்ளி மூன்று.

முப்பது புள்ளி மூன்றா?
நேற்று ராத்திரி கையுறை போட்டு
ஒவ்வொரு கல்லாகத் துடைத்து, நிறுத்து,
பூட்டியவள் நான்.
பெட்டியோடு சேர்த்து முப்பது.
மேலே ஓர் ஈ உட்கார்ந்தாலும் எனக்குத் தெரியும்.
வாய் திறப்பதற்குள்
டிக்கெட்டைப் பார்த்த பெண் எழுந்தே விட்டாள்:
"உங்களுக்கு இங்கே இல்லை, அம்மா.
அதோ, கம்பளம் விரித்த பக்கம்."

கம்பளத்துத் தராசு
முப்பது என்றது.
புள்ளிக்குப் பின்னால் சுத்தமான சுழி.

திரும்பிப் பார்த்தேன்.
நான் விட்டு வந்த இடத்தில் ஒரு பெண்,
இருபது வயதிருக்கும்,
பெய்ரூத்துக்கு வீட்டுவேலைக்கு
(கழுத்தில் தொங்கிய ஏஜென்சி அட்டை சொன்னது).
இருபத்து மூன்று புள்ளி மூன்று.
தரையிலேயே பெட்டியைத் திறந்தாள்,
உள்ளாடைகளை மட்டும் அவசரமாக ஒரு துண்டால் மூடினாள்.
அடியிலிருந்து பெர்பெரே மிளகாய்ப்பொடி,
இரட்டை முடிச்சுப் போட்ட பை.
உள்ளங்கையில் ஏந்தி அவளும் நிறுத்தாள்,
பாதியைக் குப்பைத்தொட்டியில் கொட்டினாள்.
வரிசை நெடுகத் தும்மல் ஓடியது.
யாரோ சிரித்தார்கள்.

என் கைப்பையில் சிவப்புச் சீட்டு இருந்தது.
பொய் சொல்லும் தராசின் நெற்றியில் ஒட்டச்
சட்டம் எனக்குத் தந்த சீட்டு.
வியாழக்கிழமை திரும்பி வந்ததும் ஒட்டலாம்
என்று சொல்லிக்கொண்டேன்.
"இப்படி வாருங்கள்" என்றது கம்பளம்.
போனேன்.

நிறுத்தவள் நான்.
நிறுத்தாதவளும் நான்.

பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.
இருக்கையைப் படுக்கையாக்கும் பொத்தானை
யாரும் பார்க்காதபோது ஆறு தடவை அமுக்கினேன்.
சூடான துண்டு வந்தது; எதற்கென்று தெரியவில்லை,
பக்கத்து மனிதர் முகத்தில் வைக்கும்வரை காத்திருந்தேன்.
முட்கரண்டி நாற்பத்தைந்து கிராம்.
பீங்கான் தட்டு நானூற்றுப் பத்து.
உப்புக் குடுவை முப்பதுகூட இராது,
விளையாட்டுச் சாமான் மாதிரி.
இந்தக் கைக்கு வேறு ஒன்றும் தெரியாது.
கோழி வந்தது.
காரம் போதவில்லை
என்று நாக்கு நுனிவரை வந்ததைக்
கோழியோடு சேர்த்து விழுங்கினேன்.

ஜன்னல்களை இறக்கினார்கள்.
கால் நீட்டிப் படுத்தேன்.
இவ்வளவு நீளமா நான்?
எனக்கு நேர் கீழே, விமானத்தின் வயிற்றில்,
என் கற்களும் படுத்திருக்கும்.
தூக்கம் வராமல் பெருக்கிப் பார்த்தேன்:
அந்த மேசையில் நாளைக்கு இருநூறு பெட்டி,
பெட்டிக்கு முந்நூறு கிராம்,
அறுபது கிலோ.
கீழே படுத்திருக்கும் அத்தனை இரும்பும்,
ஒவ்வொரு நாளும்,
வியாழன்வரை.

பணிப்பெண் குனிந்து கேட்டாள்:
"ஏதாவது குறை உண்டா, அம்மா?"
"பதினேழாம் மேசை" என்றேன். "முந்நூறு கிராம்."
புரியாமல் சிரித்தாள்.
இன்னொரு சாக்லேட் வைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு கிராம் இருக்கும்.
தின்றுவிட்டேன்.