நின்றபடி எழுதியது

பிரிட்ஜின் தலைதான் இப்போது என் மேசை.
கொப்பியை அதன்மேல் விரித்து
நின்றபடி எழுதுகிறேன்.
அது உறுமத் தொடங்கினால்
எழுத்தும் கொஞ்சம் நடுங்கும்.

உட்கார்ந்து ஏழு வருடமாகிறது.
அதாவது, நோகாமல் உட்கார்ந்து.

வெள்ளவத்தை, கடற்பக்கம், மூன்றாம் மாடி.
அளுத்கமை ரயில் வருவது முதலில்
இடுப்பெலும்புக்குத் தெரியும்
பிறகு ஜன்னல் கண்ணாடிக்கு
கடைசியாகத்தான் காதுக்கு.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில்
இலக்கம் நூற்றுப் பதினேழு.
டொக்டர் பிள்ளை நல்லவள்.
"கொஹொமத ரிதென்னே?" என்று கேட்டாள்.
எப்படி நோகிறது.
குத்துது, உழையுது, கடுக்குது,
விண்விண்ணெண்டு தெறிக்குது,
ராவில ஆரோ எலும்புக்குள்ள இருந்து
கதவு தட்டுறமாதிரிக் கிடக்குது
இவ்வளவும் வாயில் வைத்திருந்தேன்.
அவளுடைய மொழியில் எனக்கு வந்தது ஒரே சொல்.
"ரிதெனவா" என்றேன்.
அதையே எழுதிக்கொண்டாள்.
அதே குளிசை. மூன்று மாதத் துண்டு.

வெளியே வந்து
அன்னாசி வெட்டி விற்பவனருகே நின்று அழுதேன்.
உப்பும் மிளகாய்த்தூளும் போடவா என்றான்.
போடு என்றேன்.

போன மாதம் நூல் வெளியீடு.
"ரஞ்சிதமலரின் வரிகள் குறுகிவிட்டன,
சொற்சிக்கனம் கைவந்துவிட்டது"
என்றார் ஆய்வுரை செய்த பேராசிரியர்.
கைதட்டினார்கள்.
நான் பின்சுவரில் சாய்ந்து நின்றேன்.
கதிரை கொண்டுவந்தவர்களிடம்
மூன்று தரம் வேண்டாம் என்றேன்.
தலைக்கனம் என்று ஒருத்தி
பக்கத்தவளிடம் சொன்னது கேட்டது.

சிக்கனமா, ஐயா?
இடது கால் விறைக்குமுன் எவ்வளவு வருமோ
அவ்வளவுதான் ஒரு வரி.

உள்ளே இவர் நித்திரை.
"இண்டைக்குப் பரவாயில்லையோ?" என்று கேட்பதை
மாசியில் நிறுத்திவிட்டார்.
கோபமில்லை.
ஒரே கேள்வியை எத்தனை வருடம்தான் கேட்பது.
வெந்நீர்ப் பை மட்டும்
எட்டு மணிக்கு இன்னும் வருகிறது,
துவாய் சுற்றி, சூடு பார்த்து.

சில இரவுகளில் ஜன்னலைத் திறந்து
தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.
அதைப்பற்றி நான் எங்கும் எழுதவில்லை.
இப்போது எழுதிவிட்டேன்.

பத்து முப்பத்தைந்து
இடுப்பில் ஏறி இறங்கிப் போய்விட்டது.
பிரிட்ஜ் உறுமலை நிறுத்தக்
கடல் கேட்கிறது.
இன்னும் ஒரு வரிக்குக் கால்
தாங்கும்போல இருக்கிறது.