குறுக்குக்கம்பு

ஒரு வருடமாக ஒரே சத்தம்தான்.
கொக்கியிலிருந்து நழுவி
மணலில் விழும் குறுக்குக்கம்பு.
டொக்.
சமையலறையில் கரண்டி விழுந்தாலும் டொக்,
பக்கத்து வீட்டு ஒய்வா கார்க் கதவைச் சாத்தினாலும் டொக்,
உறக்கத்தின் நடுவே
எதுவுமே விழாமல்
டொக்.

ஹில்லாவுக்கு அது நினைவில்லை.
கம்பு விழுந்த நொடியிலேயே
அடுத்த குழாய்க்குள் புகுந்து
மறுமுனையில் நாக்குத் தொங்க வந்துவிட்டாள்.
அங்கேயே நின்றுவிட்டது நான்தான்.
போன பிப்ரவரியிலிருந்து
நின்றுகொண்டே இருக்கிறேன்.

யோயென்சூவுக்கு வெளியே ஒரு குதிரைக் கொட்டகை.
வாசலில் மைனஸ் பத்தொன்பது.
உள்ளே சாணமும் ஈர ரோமமும் காப்பியும்
ஒரே மணமாக.
நாய் இல்லாமல் தளத்தை நடந்து பார்க்க ஏழு நிமிடம்.
முப்பது பேர் கைகளை நீட்டி, தோள்களைத் திருப்பி,
இல்லாத நாயிடம்
"இப்படி வா, இப்படி" என்று கெஞ்சியபடி
ஒருவரையொருவர் இடித்துக்கொள்கிறோம்.
வெளியாள் பார்த்தால்
மந்திரித்துவிட்ட கோழிகள் என்பான்.

பதினான்காம் எண்ணில் கால் குழம்பியது.
அந்தப் பன்னிரண்டு கம்பங்களுக்கு
எந்தப் பக்கமாக ஓடுவது?
இடமா வலமா என்று கேட்டால்
மனசு எப்போதும் சொல்லும் பதில்:
போன தடவை.

இரவில் நான் பனிவாரி வண்டி ஓட்டுகிறவள்.
சாலையே தெரியாத புயலில்
முப்பது கிலோமீட்டரை யாரும் ஓட்டுவதில்லை.
விளக்கு காட்டும் இருபது மீட்டரை ஓட்டுகிறோம்.
அது தீர்ந்ததும் அடுத்த இருபது.
சம்பளத்துக்காகச் செய்வது.
மணல்மேலும் அதையே செய்யலாம் என்று தோன்ற
பதினோரு மாதம் ஆனது இந்த மரமண்டைக்கு.

ஆகவே வண்டிக்குள் உட்கார்ந்து
கண்ணை மூடி, தொடைமேல்
இரண்டு விரலால் ஓடினேன்.
சுட்டுவிரல் நான், நடுவிரல் ஹில்லா.
தாண்டு. தாண்டு. குழாய். பலகை,
பலகையின் மஞ்சள் நுனியில் பாதம் பட்டாக வேண்டும்.
ஆறு முறை ஓடினேன்.
நான்காவது முறை கம்பு விழுந்தது.
கற்பனையில்கூடத் தட்டிவிட முடிகிறது என்னால்!
கண்ணைத் திறக்கவில்லை.
விழுந்ததைத் தாண்டி
விரல்களைக் கடைசிவரை கூட்டிப்போனேன்.

"தெல்லெர்வோ கர்வினென். ஹில்லா."
தொடக்கக் கோட்டில் அவள் முன்னங்கால் நடுங்கியது,
நாணில் ஏறிய அம்பு நடுங்குமே, அப்படி.
என் நடுக்கம் வேறு ரகம்.
அவள் என் குரலை அவ்வளவாகக் கேட்பதில்லை.
வலது தோளைத்தான் படிக்கிறாள்,
எழுத்துக்கூட்டும் பிள்ளைபோல ஒன்றையும் விடாமல்.
அங்கே சந்தேகம் என்று எழுதியிருந்தால்
சந்தேகத்தைத்தான் தாண்டுவாள், கம்பை அல்ல.
தோளை இறக்கினேன்.
காப்பியை ஊதி ஆற்றுவதுபோல
மூச்சை வெளியே விட்டேன்.

இருபது மீட்டர்.

மணல். அவள் காது. மணல்.
குழாய்க்குள் உருண்டோடும் இடி.
சீசாவின் உச்சியில் ஒரு கணம் என்னைப் பார்த்தாள்,
நானும் பார்த்தேன்,
பலகை தன் இஷ்டத்துக்கு இறங்கியது.
இருபது மீட்டர்.
கம்பங்களுக்குள் அவள் உடம்பு
ஊசியும் தானே, நூலும் தானே.
எந்தப் பக்கமாக ஓடினேன்?
இப்போது கேட்டாலும் தெரியாது.

முடிவுக்கோட்டுக்கு அப்பால்
சால்மன் தோல் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது
உர்போ தடுப்பின்மேல் சாய்ந்து
துக்கம் விசாரிக்கும் முகத்தோடு:
"அடடா, கடைசிக் கம்பு."
"எது?"
"விழுந்துவிட்டதே.
கொட்டகை முழுக்கக் கேட்டதே."

திரும்பினேன்.
சிவப்பும் வெள்ளையுமாய் மணலில் கிடந்தது.
ஒரு பையன் குனிந்து அதை எடுத்துக்
கொக்கியில் வைத்துக்கொண்டிருந்தான்.
ஐந்து புள்ளி போச்சு. கோப்பையும் போச்சு.

"நிஜமாகவே உனக்குக் கேட்கலையா?"

டப்பா காலி.
ஹில்லா நம்பவில்லை.
என் சுட்டுவிரலை நக்கினாள்,
பிறகு நடுவிரலை.