முப்பத்தெட்டு நிமிடம்

ஓர்யானா ஹ்ரிட்சுக்கின் ஆய்வேட்டில்
ஒரு சின்ன அட்டவணை:
பள்ளிப் பேருந்தில் ஒரு குழந்தை
எத்தனை நிமிடம் உட்காரலாம்.
நாற்பது என்றாள்.
சஸ்காச்செவன் பனியில்
மடியில் கடிகாரத்தோடு
தானே ஏறிப்போய் எண்ணியது.

பிறகு துறைத்தலைவி, புலத்தலைவி, துணைவேந்தர்.
கூடத்துச் சுவரில் அவள் படத்துக்கு
ஆணிகூட அடித்தாயிற்று.

இன்று அமைச்சகத்திலிருந்து கோப்பு:
வடக்கு வளாகத்தை மூடிவிடலாம்,
அடுத்தது முப்பத்தெட்டு நிமிடம்தான்.
அடிக்குறிப்பில் அவள் பெயர்,
ஓர் எழுத்துப்பிழை இல்லாமல்.

கையெழுத்துக்கு எடுத்த பேனாவை மூடுகிறாள்.
கார்ச் சாவி எங்கே?
வெளியே மைனஸ் முப்பத்தொன்று அம்மா,
என்கிறான் செயலர் மெர்வின்.

அவர்கள் ஜூலையில் எண்ணியிருக்கிறார்கள்,
என்றபடி இழுப்பறையைக் குடைகிறாள்.
ஒரு கையுறைதான் அகப்படுகிறது.