ஒரு விரற்கடை கூடுதல்

ரோப்கார் நடுவானில் நின்றுபோனதால்
நுட்சா அன்று இருபத்தைந்து நிமிடம் தாமதம்.
குவிரிலா ஆற்றுக்கு மேலே, தகரப் பெட்டிக்குள்,
ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடும்
மூட்டைக்காரரின் இருமலோடும் தொங்கியிருக்கிறாள்.
"எத்தனை ஆட்டம் என்று எண்ணினேன்.
நாற்பத்தொன்று. அப்புறம் எண்ண ஒன்றுமில்லை"
என்றாள், மாங்கனீஸ் தூசி அப்பிய
கையுறையைக் கழற்றியபடி.

நாங்கள் ஆறு பேர், ஒரு மடிக்கணினி.
எத்தேரி டீச்சர் ராத்திரி கண்விழித்து எழுதிய நிரலில்
நீலக் குண்டொன்று ஆடிக்கொண்டிருந்தது.
உராய்வு: பூஜ்யம். காற்று: பூஜ்யம்.
சியாத்துராவில் எங்களுக்குக் கிடைக்காத
அத்தனை சுத்தமும் அந்தத் திரையில்.
ஈர்ப்பைக் குறைத்து நிலவுக்குப் போய்வந்தோம்.
கூட்டி வியாழனுக்குப் போனதும்
பெசோ தன் நாற்காலியில்
கனமாகச் சரிந்து உட்கார்ந்தான்.

நுட்சா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
குண்டு திரும்பும் இடத்தில் திரைமேல் விரல் வைத்தாள்.
"இங்கிருந்துதானே விட்டீர்கள்?"
ஆமாம்.
"ஒரு விரற்கடை தாண்டிப் போகிறதே."

உராய்வுதான் இல்லையே என்று தொடங்கிய டீச்சரின் பதில்
பாதி வழியில் நின்றது,
அதுவும் ஒரு ரோப்கார்போல.
உராய்வு இல்லையென்றால் குறையாது, சரி.
கூடுவானேன்?
யார் தள்ளுகிறார்கள்?

வெப்பக்குழாய் மட்டும் டக் டக்கென்றது.
டீச்சர் சுண்ணக்கட்டியை எடுத்தார், வைத்தார், எடுத்தார்.
கணினி ஊசலைப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை.
ஒரு பார்வை. பிறகு கண்மூடல்.
நொடியில் பத்தில் ஒரு பங்கு கழித்து
இன்னொரு பார்வை.
மூடிய இமைக்குள்ளே குண்டு
பழைய வேகத்தோடே ஏறிப் போகிறது,
இடையில் தளர்ந்திருக்க வேண்டும் என்பதை
யாரும் சொல்லாததால்.
விழிக்கும்போது கொஞ்சம் மேலே நிற்கிறது.
அந்தக் கொஞ்சம் அடுத்த கொஞ்சத்தில் சேர்ந்து
வட்டி குட்டி போடுகிறது.

இமைப்பைச் சுருக்கினோம். நூறில் ஒன்று.
ஆயிரத்தில் ஒன்று.
மடிக்கணினியின் விசிறி ஊளையிட்டது,
குண்டு நத்தையானது,
விரற்கடை மயிரிழையானது.
மயிரிழை மட்டும் போகவே இல்லை.

கடைசியில் டீச்சர் இரண்டே வரிகளை
இடம் மாற்றிப் போட்டார்:
முதலில் வேகத்தைத் திருத்து,
திருத்திய வேகத்தோடு நகர்.
குண்டு வந்தது, நுட்சாவின் நகத்தைத் தொட்டது,
திரும்பியது. மறுபடி வந்தது. தொட்டது.
மணி அடித்தபோதும் அவள் விரலை எடுக்கவில்லை.

"என் தப்பு" என்றார் டீச்சர், எல்லோர் முன்னாலும்.
வருகைப் பதிவேட்டில் அவளுக்குத்
தாமதம் என்றே எழுதினார்.

பழைய நிரலை அழிக்க விடவில்லை பெசோ.
அவன் அப்பாவுக்குச் சுரங்கத்தில்
பிப்ரவரியிலிருந்து ஷிப்ட் இல்லை.
சில சாயங்காலம், காவலாளி விளக்கை அணைக்கும்வரை
அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான்.
யாரும் தொடாமல், யாரையும் கேட்காமல்
குண்டு ஏறும், இன்னும் ஏறும்,
ஒருமுறை உச்சியைத் தாண்டி
முழு வட்டம் அடிக்கும்.

"தப்புதான், தெரியும்" என்பான்.
"இரு, இன்னும் ஒரு சுற்று."